கற்றைக்குள் போன கடைசி இழை

"மேடம், இதுவும் போச்சு," என்றார் குற்றாலிங்கம்.

துகள் முடுக்கியில் பாயும் கற்றைக்குக் குறுக்கே ஓர் இழையை ஓட்டி, கற்றையின் அகலத்தை அளப்பது அவர் வேலை. அளந்து காட்டாதவரை முழுத் திறனுக்கு அனுமதி கிடையாது. அத்தனை பெரிய இயந்திரம் பாதித் திறனில் முடங்கிக் கிடந்தது.

தலைவி அமலோற்பவம் அவரைவிட வயதில் சின்னவர். அவரிடம் கற்றுக்கொள்ளத்தான் கப்பல் கட்டும் தளத்து வேலையை விட்டுவிட்டு வந்திருந்தார் குற்றாலிங்கம். அதில் அவருக்கு வெட்கம் இல்லை. இழைமேல்தான் கோபம்.

"என்ன இழை போட்டீங்க?"

"முதல்ல மெல்லிசா கார்பன். எரிஞ்சுது. அப்புறம் தடியா டங்ஸ்டன். அது அதைவிடச் சீக்கிரம் போயிடுச்சு."

"எப்படி ஓட்டினீங்க?"

"பத்திரமாத்தான். ஒவ்வொரு தடவையும் வேகத்தை இன்னும் குறைச்சேன். வேகமா விட்டா உதறல்லயே அறுந்துடுமே!"

"உதறல்ல ஒண்ணாவது அறுந்துச்சா?"

"இல்ல. நான் விட்டாத்தானே!"

அமலோற்பவம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஒரே ஒரு கார்பன் இழைதான் மிச்சம், மேடம். இதுவும் போனா இந்த வருஷம் அவ்வளவுதான். இது தாங்குமான்னு சொல்லுங்க."

"வாங்க, கீழே பூஜை ஆரம்பிச்சுட்டாங்க."

அன்று ஆயுத பூஜை. கட்டுப்பாட்டு அறையில் கற்பூரம் ஏற்றினால் தீ அலாரம் ஊரைக் கூட்டிவிடும். ஒரு வருஷம் கூட்டியும் இருக்கிறது. அதனால் பூஜை போர்ட்டிகோவுக்கு இறங்கிவிட்டது. ஸ்பேனரும் மல்டிமீட்டரும் சந்தனப் பொட்டோடு மாப்பிள்ளை வீட்டார் மாதிரி உட்கார்ந்திருந்தன.

தட்டு வந்தது. குற்றாலிங்கம் கற்பூரச் சுடரில் கைகளை ஓட்டிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"சுட்டுச்சா?" என்றார் அமலோற்பவம்.

"இது எங்க சுடும், மேடம்?"

"இன்னொரு தடவை ஒத்திக்குங்க. இப்போ மெதுவா, பத்திரமா."

தலைவி சொன்னால் தட்டமாட்டார். கையை நிதானமாக நீட்டினார்.

"ஐயோ!"

கையை உதறியவர் அப்படியே நின்றார். தட்டைப் பார்த்தார். அமலோற்பவத்தைப் பார்த்தார். பிறகு, கழற்றிவிட்ட செருப்பைக்கூட மாட்டாமல் படியேறி ஓடினார்.

மாலையில் கடைசி இழை கற்றைக்கு முன்னால் காத்திருந்தது. குற்றாலிங்கம் இதுவரை தொட்டே பார்க்காத உச்ச வேகத்தை வைத்தார். பொத்தானை அழுத்தினார்.

திரையில் ஒரு வளைகோடு எழுந்தது. மணி போல, வழவழவென்று.

"திறனைக் கூட்டுங்க!" என்று கத்தினார்.

கூட்டினார்கள். இழை போய் வந்தது. இன்னும் கூட்டினார்கள். போய் வந்தது. கடைசியில் முழுத் திறன். அறை முழுக்கக் கைதட்டல். யாரோ விசிலடித்தார்கள். கப்பல் தளத்தில் இரும்போடு மல்லுக்கட்டிய மனிதர், கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். அவ்வளவு சந்தோஷம் அவருக்கு.

வீட்டுக்குப் போயிருந்த அமலோற்பவம் போனில் கேட்டார்: "எப்படி சார் தாங்குச்சு?"

"தாங்கவா? அதுக்கு நேரம் எங்க இருந்துச்சு, மேடம்!"