பாயசமும் அப்பளமும்

தென்காசியில் ஒரு செருப்புக் கடைக்கு மேல்மாடியில் நிலோபர் கம்ப்யூட்டர் வகுப்பு நடத்திவந்தாள். அவளுக்கு வயது முப்பத்தொன்று. அவளிடம் படித்தவர்களில் மூத்தவர் குத்தாலிங்கம். அவருக்கு ஐம்பத்தாறு. சவுண்ட் சர்வீஸ் நடத்தி ஓய்ந்த மனுஷன். மைக் செட்டைத் தவிர வேறு மெஷினைத் தொட்டறியாதவர், எட்டு மாதத்துக்கு முன்னால் ஒருநாள் நோட்டும் பேனாவுமாக வந்து முதல் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

வகுப்பில் இப்போது எல்லாரும் சேர்ந்து ஒரு தேடு கருவியை எழுதிக்கொண்டிருந்தார்கள். கிரிப்டோ காசு மாற்றும் சந்தைகளில் ஒரு வகை உண்டு. அங்கே முதலாளி கிடையாது, கல்லாவும் கிடையாது. யார் வேண்டுமானாலும் இரண்டு விதக் காசைக் கொண்டுவந்து ஒரே பானையில் போட்டு வைக்கலாம். வருகிறவர்கள் ஒன்றைப் போட்டுவிட்டு மற்றதை எடுத்துக்கொள்வார்கள். அந்தப் பானைக்குத்தான் ஜோடி என்று பேர். லட்சக்கணக்கில் கிடக்கிற ஜோடிகளில் எது எங்கே இருக்கிறது என்று தேடிக் காட்டுவது இந்தக் கருவியின் வேலை.

ஒருநாள் நிலோபர் சொன்னாள்: "ஒரு வருஷமா யாரும் தொடாத ஜோடியை எல்லாம் பட்டியல்ல இருந்து கழிச்சிருங்க. செத்த ஜோடி. தேடுறவங்களுக்கு வீண் தொந்தரவு."

எல்லாரும் எழுதி முடித்துவிட்டார்கள். குத்தாலிங்கம் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"என்ன அண்ணாச்சி, நாலு வரிதானே?"

"எழுத வரலைம்மா."

"நேத்து இதைவிடக் கஷ்டமானதை எழுதுனீங்களே."

பின் பெஞ்சிலிருந்து பெனிட்டா சிரித்தாள். "டீச்சர், அதை எழுதுனா அண்ணாச்சியோட அப்பளம் காணாமப் போயிரும். தெனமும் வந்து உக்காந்ததும் அதைத்தானே முதல்ல தேடுதாரு!"

"ஒன் சோலியப் பாருட்டி," என்றார் அவர். காது சிவந்துவிட்டது.

வகுப்பு கலைந்தது. அவர் எழுந்திருக்கவில்லை. நிலோபர் ஸ்டூலை இழுத்துப்போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"காட்டுங்க, அந்த அப்பளத்தைப் பாப்போம்."

நாற்பது எழுத்துக்கு மேல் நீளும் அந்த ஜோடியின் முகவரியை, நோட்டைத் திறக்காமலே தட்டினார். திரையில் வந்தது: பாயசம் – அப்பளம். கடைசியாகத் தொட்டது, மூன்று வருஷத்துக்கு முன்னால்.

"பாயசம், எம் மவ உலகம்மை உண்டாக்குன காசு. காலேஜ்ல படிக்கையில விளையாட்டுக்குச் செஞ்சா. எனக்கும் ஒண்ணு செஞ்சு தந்தா. நான் பாயசத்துல அப்பளத்தை நொறுக்கிப் போட்டுத்தான் சாப்பிடுவேன். அதைக் கேலி பண்ணி அப்பளம்னு பேரு வச்சா. ரெண்டையும் ஒரே பானையில போட்டு, இனி இது ரெண்டும் பிரியாதுப்பான்னா. பத்துப் பைசாவுக்குப் பெறாது ரெண்டும்."

"இப்ப எங்க இருக்கா?"

"பூனாவுல. மனசுக்குப் புடிச்ச பையனைக் கட்டிக்கிடுதேன்னா. இனி எம் மூஞ்சில முழிக்காதேன்னுட்டேன். ரெண்டு வருஷமாச்சு, முழிக்கலை." சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. "அவ சிரிச்சா மைக் இல்லாமலே தெருக்கோடி வரைக்கும் கேக்கும். இப்ப வீடே கம்முனு கெடக்கு. அவ அம்மை பாயசம் வைக்கதையே விட்டுட்டா."

"நீங்க ஒரு போன் பண்ணலாம்லா?"

"அவ பண்ணட்டுமே. பெத்த தகப்பன் நான்..." பாதியில் நிறுத்திக்கொண்டார். பிறகு திரையைத் தொட்டுக் காட்டினார். "கோவம் இருந்துச்சுன்னா அவ பாயசத்தை உருவிட்டுப் போயிருக்கணும்லா? எடுக்கலையே! எந்திச்சதும் வீட்டுல ஒருக்கா பாப்பேன். அப்படியே கெடக்கும். அப்புறந்தான் எனக்குக் காப்பியே எறங்கும். இதைப் பாக்கத் தெரியணும்னுதான் ஒங்ககிட்டப் படிக்க வந்தேன்."

அவர் நிலோபர் பக்கம் திரும்பினார்.

"ஒண்ணு கேக்கேன் டீச்சர். அவ இதை எடுக்காம வச்சிருக்கது என் நெனைப்புலயா? இல்ல, அப்படி ஒண்ணு இருக்கதையே மறந்துட்டாளா?"

நிலோபர் திரையைக் காட்டினாள்.

"அந்த ஜோடியோட பதிவைத் தெறங்க."

திறந்தார்.

"அதுல யார் போட்டாலும் எடுத்தாலும் இங்க ஒரு வரி விழும். உலகத்துல எந்த மூலைல இருந்தும் பாக்கலாம். நீங்க வந்துபோனது எங்க இருக்கு? காட்டுங்க."

ஒரே ஒரு வரிதான் இருந்தது. உலகம்மை இரண்டு காசையும் போட்ட அன்றைக்கு விழுந்தது.

"நான் வந்தது இல்லையே."

"நல்லாப் பாருங்க. எட்டு மாசமா ஒருநாள் விடாம வந்திருக்கீங்க."

கண்ணாடியைக் கழற்றி வேட்டி முனையில் துடைத்துப் போட்டுக்கொண்டார். மேலே தள்ளினார், கீழே தள்ளினார். அடுத்த பக்கம் என்று ஒன்று கிடையாது.

"எங் கம்ப்யூட்டர்ல இருக்குமே, நான் தேடுனது பூராவும்?"

"அது உங்க வீட்டுக்குள்ள அண்ணாச்சி. உங்க மவ பாக்கிற எடத்துல காட்டுங்க."

"இங்க இல்லைம்மா."

"இருக்காது. கை வச்சாத்தான் வரி விழும். பாத்துட்டுப் போறவங்களை இது எழுதிக்கிடாது."

கீழே கடையில் யாரோ ஒரு செருப்பைத் தரையில் தட்டித் தட்டிப் பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். குத்தாலிங்கம் அந்த ஒற்றை வரியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்:

"அப்போ... அவளும் தெனமும் வந்து பாத்திருந்தா?"

"பாத்திருக்கலாம்."

"அது எனக்கு எப்படிம்மா தெரியும்?"

நிலோபர் எழுந்து, ஸ்டூலை மேஜைக்கு அடியில் தள்ளினாள்.

"நீங்க பாத்தது அவளுக்கு எப்படித் தெரியுமோ, அப்படித்தான் அண்ணாச்சி."