குடத்துக்கு எவ்வளவு கொடுக்கும்?

ஒரு காட்டில் ஒரே ஒரு குளம். குளத்தில் ஒரு தவளை. பெயர் குமராயி. அவளுக்கு நானூறு தலைப்பிரட்டைகள். ஒன்றுக்கும் இன்னும் கால் முளைக்கவில்லை. முளைக்கப் பத்து நாள் வேண்டும். கோடையோ கொளுத்துகிறது. அதற்குள் குளம் வற்றினால் நானூறும் கருவாடு!

குளத்தைக் குடித்துக்கொண்டிருந்தவன் யானை தொந்தியப்பன். குடித்தது அவன், குடிக்க வைத்தது காட்டுப்பன்றி கட்டாரி. அவன் அந்தக் காட்டுக்குத் தலைவன். தினமும் உப்புப் பாறைக்குப் போய் ஒரு நக்கு நக்கிவிட்டு வருவான். நடந்தே போகலாம். தலைவன் நடக்கலாமா? யானைமேல்தான் போவான். தன்னந்தனியாக. திரும்பி வந்ததும் யானை இருபது குடம் தண்ணீர் குடிக்கும்.

“ஒரு பன்றி உப்பு நக்க இருபது குடமா! அடுக்குமா இது?” என்று கத்தினாள் குமராயி.

“நுணலும் தன் வாயால் கெடும். தெரியும்ல?” என்றான் கட்டாரி.

இதைப் புரோக்கர் நரி கேட்டான். மறுநாளே ஒரு கோவேறு கழுதையை ஓட்டிக்கொண்டு வந்துவிட்டான்.

“தலைவரே, புது மாடல்! கலப்பு! அப்பா கழுதை, அம்மா குதிரை!”

“அதெல்லாம் இருக்கட்டும். குடத்துக்கு எவ்வளவு கொடுக்கும்?”

எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி. பன்றி மட்டும் விதிவிலக்கா?

“ஒரு குடம் போட்டா உப்புப் பாறைக்குப் போயிட்டுத் திரும்பலாம், தலைவரே!”

“ஒரே குடமா! எப்படிடா?”

கழுதையே பதில் சொன்னது. “மேட்டில் வேர்த்ததை இறக்கத்தில் நக்கிக்கொள்வேன்!”

சும்மா சொல்லக்கூடாது. கழுதை பொய் பேசவில்லை. ஏறினான், போனான், வந்தான். ஒரே குடம்தான். குமராயிக்குத் தலைகால் புரியவில்லை. “நரியண்ணே, உங்க வாயில சர்க்கரையத்தான் போடணும்!” என்றாள்.

சர்க்கரை போடும் நேரமா அது? கதை அப்புறம்தான் கெட்டது.

அதுவரை நடந்து போன முயல் ஒரு கழுதை வாங்கியது. “குடத்துக்கு ஒரு நடை கொடுக்குதே! சும்மா விடலாமா?” கரடி வாங்கியது. மயில் வாங்கியது, பறக்கத் தெரிந்த மயில்! ஆமை வாங்கியது. “கொஞ்சம் மெதுவா ஓட்டுப்பா, பயமாயிருக்கு” என்றது. முள்ளம்பன்றியும் வாங்கியது. அந்தக் கழுதை பட்டபாட்டை நான் சொல்லமாட்டேன்.

ஒரே வாரத்தில் காட்டில் நாற்பது கழுதைகள். உப்பு நக்க ஒரு நடை. நக்கியது உப்புதானா என்று பார்க்க இன்னொரு நடை. பக்கத்துப் புதரிலிருந்த மாமியாரைப் பார்க்க முயல் கழுதையில் போனது. கழுதையின் முகம் மாமியார் புதரைத் தொட்டபோது வால் இன்னும் முயல் வீட்டு வாசலில் நின்றது.

கட்டாரி யானையையாவது விட்டானா? இல்லை. “நாலு பேர் பார்க்க வாசலில் ஒன்று நிற்கட்டும்” என்றான். நின்றாலும் யானைக்குத் தாகம் எடுக்காதா?

எட்டாம் நாள் குளம் குட்டையானது. தலைப்பிரட்டைகளுக்குப் பின்கால் மட்டும் எட்டிப் பார்த்தது. குமராயி கரையேறிப் போய்க் கூட்டத்தைக் கூட்டினாள்.

“குளம் போச்சு! கழுதைகளை நிறுத்துங்க!”

“கழுதை என்ன பண்ணிச்சு? குடத்துக்கு ஒரு நடை கொடுக்குது!” என்றது கரடி.

“கொடுக்குது, கொடுக்குதுங்கிறீங்களே! அது கொடுக்குதா, குடிக்குதா?”

அதுவரை யாருக்கும் அந்தச் சந்தேகம் வந்ததில்லை.

நரி முந்திக்கொண்டான். “தங்கச்சி கணக்குல வீக்கு. முன்னாடி நடைக்கு இருபது குடம். இப்ப ஒண்ணு. பத்தொன்பது குடம் மிச்சம்! எத்தனை நடை போறோமோ அத்தனை மிச்சம்! நிறையப் போனா குளம் நிரம்பணும்!”

“அப்புறம் ஏன் நிரம்பலை?”

“நீங்க இன்னும் போதுமான அளவு போகலை!”

எல்லாரும் கைதட்டினார்கள். குளத்தை நிரப்ப அன்று மாலைக்குள் ஆளுக்கு ஆறு நடை போனார்கள். குளத்தில் ஒரு குடம் தண்ணீர் மிஞ்சியது. அதில் நானூறு உயிர்.

இப்போதுதான் கட்டாரிக்குப் பயம் வந்தது. “வேறு குளம் தேடுவோம். ஏறுங்கடா!” என்றான். ஆளுக்கொரு கழுதையில் ஏறி, ஆளுக்கொரு திசையில் போய்விட்டார்கள்.

தொந்தியப்பன் மட்டும் வாசலில் நின்றான். நாக்கு வறண்டிருந்தது. தள்ளாடி வந்து துதிக்கையைக் குட்டையில் விட்டான். உறிஞ்சியும் விட்டான்.

“ஐயோ! என் பிள்ளைங்க உள்ள போயிட்டாங்க! விழுங்கிடாதப்பா!” என்று அலறினாள் குமராயி.

யானை விழுங்கவில்லை. தாகம் தொண்டையை அறுத்தது. அப்படியும் விழுங்கவில்லை. வாயால் மூச்சு விட்டபடி சொன்னான்: “மலைக்குப் பின்னால ஆறு இருக்கு, தாயி. கொம்புல ஏறிக்கோ.”

குமராயி ஏறிக்கொண்டாள். விடிய விடிய நடந்தான். வழியில் கட்டாரி நின்றான். குடம் தீர்ந்துபோய்க் கழுதை முரண்டு பிடித்தது. பின்னாலிருந்து தள்ளிக்கொண்டிருந்தான்.

“டேய் தொந்தி! நில்லுடா! என்னை ஏற்றிக்கோ!”

துதிக்கையில் நானூறு பிள்ளைகள் இருக்கும்போது நிற்க நேரம் ஏது? மாட்டேன் என்று ஒரு தடவை தலையை ஆட்டினான். போய்விட்டான்.

ஆற்றங்கரையில் துதிக்கையை மெல்ல இறக்கி ஊதினான். குமராயி எண்ணினாள். நானூறும் இருந்தன. அதற்கப்புறம்தான் தொந்தியப்பன் தண்ணீர் குடித்தான். இருபது குடமல்ல, முப்பது குடம். “இன்னும் குடிப்பா!” என்றாள் குமராயி. முப்பது குடத்தில் நானூறு பேர் வந்திருக்கிறார்களே!

எந்த வண்டி குறைவாகக் குடிக்கிறது என்று கேட்பதற்கு முன்னால், எத்தனை பேருக்காக, எதற்காகக் குடிக்கிறது என்று கேள்.