அலாரம் அடித்தது

செங்கோடன் நாற்பது வயதுக்கு மேல் வயரிங் படித்தவர். அதனால் அவருடைய குரு அவரைவிடச் சின்னவர். மாலை வகுப்பில் தொழில் கற்றுக்கொடுத்த கமலவேணி டீச்சர் அவரை "அண்ணா" என்றுதான் கூப்பிடுவார். அவரோ டீச்சர் முன்னால் உட்காரக்கூட மாட்டார்.

அன்று டீச்சர் வீட்டுக்கு வந்தவர், சொல்லாமலே உட்கார்ந்துவிட்டார்.

அவர் வயரிங் செய்து, எல்லாம் சரியாக இருக்கிறது என்று சான்றிதழில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த அடுக்குமாடியில் தீப்பிடித்திருந்தது. மூன்றாம் மாடி வீடு. எரிந்தது ஹால் மட்டும்தான். படுக்கையறைக்குள் தீ போகவில்லை, புகை போனது. உள்ளே தூங்கிய தாயும் மகளும் எழுந்திருக்கவே இல்லை. மகள் இரண்டாம் வகுப்பு.

"எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் பேட்டரியச் சோபா பக்கத்துல வெச்சு சார்ஜ் போட்டிருக்காங்க டீச்சர். என் வயர்ல கோளாறு இல்லைங்க. நான் மாட்டின புகை அலாரமும் அடிச்சிருக்குது. அதக் கேட்டுத்தான் எதிர் வீட்டுக்காரரு ஓடி வந்து கதவத் தட்டியிருக்காரு."

"சரிங்கண்ணா."

"போலீஸே என்னைப் போகச் சொல்லிட்டாங்க. அப்புறம் ஏன் எனக்குச் சோறு இறங்க மாட்டேங்குது? என் மேல தப்பு இருக்குதுங்களா?"

இல்லை என்று ஒரு வார்த்தை. அதற்காகத்தான் மனிதர் பஸ் ஏறி வந்திருந்தார், பாவம்.

டீச்சர் எழுந்து செருப்பை மாட்டினார். "வாங்க, போலாம்."

அதே கட்டடத்தின் முதல் மாடியில், அதே அமைப்பில் ஒரு வீடு. குடியிருந்தவர்கள் பயந்துபோய் ஊருக்குக் கிளம்பியிருந்தார்கள். வாட்ச்மேன் அவர்களுக்குப் போன் போட்டுக் கேட்டுவிட்டுச் சாவியைக் கொடுத்தார். மாடிப்படியில் இன்னும் கருகல் நாற்றம் அடித்தது. செங்கோடன் மேலே பார்க்காமல் ஏறினார்.

ஹால் கூரையில் அவர் மாட்டிய அலாரம் இருந்தது.

"இத எப்படிச் சோதிச்சீங்க?"

"ஸ்டூல் மேல ஏறிப் பட்டன அமுக்கினேங்க. காது ஜவ்வே கிழிஞ்சிரும்போல இருந்துச்சு. அப்புறந்தான் கையெழுத்து."

"இன்னைக்கு நான் ஏறறேன். நீங்க உள்ள போய்ப் படுங்க. இந்த வெயிலுக்கு அவங்க எப்படிப் படுத்திருப்பாங்களோ, அப்படி. சத்தம் கேட்டதும் வெளிய வாங்க."

செங்கோடன் கதவைச் சாத்தினார். ஏசியைப் போட்டார், ஃபேனையும் போட்டார். யாரோ ஒருவருடைய கட்டிலில் கூச்சத்தோடு படுத்தார்.

அந்தக் குழந்தை எந்தப் பக்கம் படுத்திருக்கும்? சுவர் ஓரமாகத்தான் போட்டிருப்பாள், பெற்றவள். கீழே யாரோ காரை ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்தார்கள். டீச்சர் இன்னும் பட்டனை அமுக்கவில்லை. போன் வந்து வெளியே போய்விட்டாரோ என்னவோ. மனிதனை இந்தப் பாடு படுத்த வேண்டுமா என்று கோபம்கூட வந்தது. பொறுத்துப் பார்த்துவிட்டு எழுந்து கதவைத் திறந்தார்.

அலாரம் காதில் அறைந்தது.

டீச்சர் ஸ்டூல் மேல் நின்றிருந்தார். பட்டன் மேல் வைத்த விரலை எடுக்கவில்லை. தூக்கிய கையை மறு கையால் தாங்கிப் பிடித்திருந்தார். அவரைப் பார்த்ததும் விரலை எடுத்தார்.

"கேக்கலைங்களா?"

"கேட்டுதுங்க... சன்னமா. கீழ யாரோ கார ரிவர்ஸ் எடுக்கறாங்கன்னு... இருந்துட்டேன்."

டீச்சர் மெதுவாக இறங்கினார்.

"நீங்க முழிச்சிருந்தீங்கண்ணா."