எதிராளியின் நாற்காலி

சீடர் என்பவர் குருவைவிட வயதில் இளையவராகவே இருப்பார் என்று நெடுங்காலமாக ஒரு நம்பிக்கை நிலவுகிறது. இது பெரும் பிழை. தாமதமானாலும் திருத்திக்கொள்வது நல்லது. கோயம்புத்தூரின் ஒரு பூல் கிளப்பில் குருவுக்கு வயது இருபத்தேழு, பெயர் நிலோஃபர். சீடருக்கு ஐம்பத்தெட்டு, பல் டாக்டர் தெய்வசிகாமணி.

குன்னூர் போட்டிக்கு மூத்தோர் பிரிவில் கிளப்புக்கு ஓர் இடம்தான். அதற்காகச் சனிக்கிழமை டாக்டர் தன் சம்பந்தி ரத்தினசபாபதியோடு ஆட வேண்டும். சம்பந்தி கிளப்பின் செயலாளரும்கூட. வாஸ்து பார்த்து அதன் வாசலையே இடித்து மாற்றியவர். போன வருடம் குன்னூர் போனவரும் அவர்தான். அங்கே எடுத்த போட்டோக்களை டாக்டர் வீட்டுக்கே கொண்டுவந்து காட்டினார். பெண்ணைக் கொடுத்தவர் தாம் என்பதால் டாக்டர் எல்லாவற்றையும் பார்த்தார்.

"அம்மணி, ஒண்ணு கேக்கணும்" என்றார் டாக்டர். "பந்தைக் குழியில போட எப்ப அடிக்கறது? அடிக்காம, எதிராளிக்கு வழி மறிச்சு வெள்ளைப் பந்தை ஒளிச்சு வெக்கறது எப்ப?"

"உங்களுக்கு எது பிடிக்கும், டாக்டர்?"

"அடிக்கறதுதானுங்க. ஒளிக்கறது கோழைத்தனமாட்டத் தெரியுது."

நிலோஃபர் மேசையில் பந்துகளை வைத்தாள். தூர மூலையில், மேசை விளிம்புக் குஷனை ஒட்டிக் கறுப்பு. இரண்டு மஞ்சள்கள் குழிவாயில்.

"மஞ்சள் ரெண்டும் உங்களுது. எனக்குக் கறுப்பு மட்டும் பாக்கி, அது விழுந்தா ஜெயிச்சேன். அந்த நாற்காலியில உட்காருங்க. இப்ப நீங்கதான் உங்க சம்பந்தி."

டாக்டர் எதிராளி காத்திருக்கும் நாற்காலியில் உட்கார்ந்தார். நிலோஃபர் குனிந்து, நெடுந்தொலைவில் இருந்த கறுப்பைக் குறிபார்த்தாள்.

"என்ன தோணுது?"

"அடிங்க அம்மணி, அடிங்க!"

"ஏன்?"

"விழாதுங்க. அடுத்து நான் மூணையும் போட்டுருவனே."

அவள் நிமிர்ந்தாள். கோலைத் தணித்து, கறுப்பை லேசாக உரசி வெள்ளையை அதன் பின்னால் பதுக்கும் தோதில் குனிந்தாள்.

"இப்ப?"

தன் கோலின் நுனியில் நீலச் சாக்பீஸைத் தேய்த்துக்கொண்டிருந்த டாக்டரின் கை நின்றிருந்தது.

நிலோஃபர் எந்தப் பந்தையும் அடிக்கவில்லை. மேசை விளக்கை அணைத்தாள்.

"பதில் சொல்லலையே அம்மணி?"

"உங்க கை சொல்லிருச்சே."

சனிக்கிழமை ஆட்டத்தில் டாக்டர் ஒவ்வொரு முறையும் குனியுமுன் நாற்காலியைப் பார்த்தார். பெரும்பாலும் சம்பந்தி சும்மா உட்கார்ந்திருந்தார். டாக்டர் அடித்தார், பந்துகள் விழுந்தன. கடைசியில் கறுப்பு மட்டும் மிஞ்சியது, எட்டாத மூலையில். சம்பந்திக்கு இரண்டு மஞ்சள் பாக்கி.

"பல்லைப் புடுங்கற கை, இதுக்கு நடுங்கலாமுங்களா சம்பந்தி? ஒரே அடி, அடிங்க!" என்றார் ரத்தினசபாபதி.

அவர் கோல் நுனியில் சாக்பீஸ் கிறீச் கிறீச்சென்று தேய்ந்துகொண்டிருந்தது.

டாக்டர் கோலைத் தணித்தார். வெள்ளைப் பந்து கறுப்பை உரசி, குஷனில் பட்டுத் திரும்பி, அதன் முதுகுக்குப் பின்னால் நின்றது. கிறீச் சத்தம் நின்றது.

சம்பந்தி சுற்றிவளைத்து அடித்தார். வெள்ளை எந்த மஞ்சள்மேலும் படவில்லை. அப்படித் தவறினால் எதிராளி வெள்ளையை விரும்பிய இடத்தில் வைத்துக்கொள்ளலாம் என்பது விதி. டாக்டர் அதைக் கறுப்புக்குப் பக்கத்தில் வைத்து, கறுப்பைக் குழியில் தள்ளினார். ஆட்டம் முடிந்தது.

கைகுலுக்கிவிட்டு ரத்தினசபாபதி நேரே நிலோஃபரிடம் வந்தார்.

"ஏனுங் அம்மணி, பத்து வருசமா முட்டி மோதிட்டிருந்த மனுசன். அப்படி என்னத்தச் சொல்லிக் குடுத்தீங்க?"

"நான் ஒண்ணும் சொல்லலீங்க. கொஞ்ச நேரம் உங்க நாற்காலியில உட்காரச் சொன்னேன்."

ரத்தினசபாபதி திரும்பி அந்த நாற்காலியை வெகுநேரம் பார்த்தார்.

திங்கட்கிழமை அது தென்மேற்கு மூலையில் இருந்தது.