ஒரு கை யானை தூக்கும் வேந்தர்

இந்தக் கதையை நான் எந்த நூலிலும் படிக்கவில்லை. விடுதியில் என் அறைத்தோழி பரிமளகாந்தி சொன்னாள். அவளுக்குப் பேருந்தில் யாரோ சொன்னார்களாம். பெயர்கள் கொஞ்சம் மாறியிருக்கலாம். நானாக எதையும் சேர்க்கவில்லை.

ஆந்தைக்கோட்டையை மிடல்வர்மன் என்ற அரசன் ஆண்டான். அவனுக்கு ஓர் ஆசை. மாதாமாதம் நீளத் துணியில் கட்டம் கட்டமாகப் படக்கதை வரைந்து சந்தையில் தொங்கவிட வேண்டும். கதையில் அவன்தான் வீரன். முகமூடி போட்டு, தோளில் சிவப்புப் போர்வை கட்டி, வானத்தில் பறந்து பூதங்களை உதைப்பான். முகமூடிக்கு வெளியே மீசை இரண்டு சாண் நீண்டிருக்கும். ஆனாலும் கதையில் வருகிற ஒருவருக்கும் அவனை அடையாளம் தெரியாது. கோவணத்தைக் கால்சட்டைக்கு மேலே கட்டியிருப்பான். ஏன் என்று கேட்டால், "நாட்டைக் காக்கிற அவசரத்தில் வரிசை மாறிவிட்டது" என்பாள் வெண்கொடி. படங்களுக்கு வசனம் எழுதும் அரசவைப் புலவர் அவள்தான்.

சேனாதிபதி குறும்பரையனுக்கு அவளைக் கண்டாலே ஆகாது. எந்தக் கதையிலும் பூதம் முதலில் பிடிப்பது அவனைத்தான். "காப்பாத்துங்க!" என்பதைத் தவிர அவனுக்கு வசனமே கிடையாது.

அந்த மாதம் படம் முடியுமுன் தலைப்பை மட்டும் சந்தையில் தொங்கவிட்டார்கள்: "ஒரு கை யானை தூக்கும் வேந்தர்." வெண்கொடி 'ஒரு கையால்' என்றுதான் எழுத நினைத்தாள். துணியில் இடம் போதவில்லை. 'ஆல்' விழுந்துவிட்டது. யாரும் கவனிக்கவில்லை. குறும்பரையன் உடனே முரசறையச் சொன்னான்: "பௌர்ணமியன்று வேந்தர் இதை எல்லார் முன்னிலையிலும் செய்து காட்டுவார்!"

அரசன் வெண்கொடியை அழைத்தான்.

"ஒரு குடம் தண்ணீர் தூக்கினாலே எனக்கு இடுப்புப் பிடித்துக்கொள்கிறது. யானையை எப்படியம்மா தூக்குவேன்?"

பக்கத்தில் நின்ற குறும்பரையன் குனிந்தான். "புலவர் எழுதியது பொய்யானால் எழுதிய கையை வெட்ட வேண்டும். நம் சட்டம், அரசே."

அரசன் பெருமூச்சு விட்டான். "சட்டம்தான். என் மானமும் போகும், உன் கையும் போகும்."

வெண்கொடி வீட்டுக்குப் போய்த் தலைப்பை நாற்பது முறை படித்தாள். நாற்பத்தோராவது முறை சிரித்துவிட்டாள். மறுநாள் அரசனிடம் சொன்னாள்: "எழுதியது எழுதியபடி நடக்கும். நீங்கள் அந்த உடுப்போடு வந்தால் போதும்."

"கோவணம்?"

"வெளியேதான், அரசே."

பௌர்ணமியன்று காலையிலேயே மைதானம் நிறைந்துவிட்டது. நடுவில் பட்டத்து யானை. குறும்பரையன் பக்கத்தில் வெட்டுக்கத்தியோடு ஒரு காவலன். அரசன் போர்வையை இழுத்துவிட்டபடி யானை முன்னால் நின்றான்.

"சேனாதிபதி ஐயா, தலைப்பை உரக்கப் படியுங்கள்" என்றாள் வெண்கொடி.

"ஒரு கை யானை தூக்கும் வேந்தர்!"

"யானைக்கு எத்தனை கை?"

"யானைக்கு ஏது கை? துதிக்கை இருக்கிறது. அது ஒன்றுதான்."

"நல்லது. அப்படியானால் இது ஒரு கை யானை. இனி இது தூக்கும் வேந்தரைப் பார்ப்போம். பாகரே!"

பாகன் "தூக்கு!" என்றான். யானை துதிக்கையை வளைத்து அரசனின் இடுப்பைச் சுற்றிப் பிடித்தது. அலுங்காமல் மேலே தூக்கியது. காற்றில் சிவப்புப் போர்வை படபடத்தது. "பறக்கிறார்! வேந்தர் பறக்கிறார்!" என்று கூட்டம் கூத்தாடியது.

குறும்பரையனுக்குத் தாங்கவில்லை. "ஏமாற்று வேலை! டேய் காவலா, என்ன பார்க்கிறாய்? வெட்டு அந்தக் கையை!"

எட்டு முழ உயரத்தில், ஒரே ஒரு கையின் பிடியில் தொங்கிக்கொண்டிருந்த அரசன் அலறினான்:

"அடேய்! இந்த நாட்டில் எந்தக் கையையும் எவனும் வெட்டக்கூடாது!"

இறங்கியதும் அரசன் வயிறு வலிக்கச் சிரித்தான். அலறியது அப்படியே சட்டமானது. வெண்கொடிக்கு முத்துமாலை கிடைத்தது.

துதிக்கையைக் கை என்று கணக்கில் எடுத்தது சரிதானா என்று எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. நூலகத்தில் அகராதியைப் புரட்டினேன். 'கைம்மா' என்ற சொல்லுக்கு யானை என்று பொருள் போட்டிருக்கிறது. கையுடைய விலங்கு.