மரகதம் தைத்துக்கொண்ட ரவிக்கைகள்

ஊரே குருவாக மதித்த கோமளத்தம்மாளிடம் நான்கு சேலைகள் இருந்தன. கட்டம் போட்டது ஒன்று, அரக்குச் சுங்குடி ஒன்று, சன்னக் கரை வைத்த வெள்ளை ஒன்று, பாக்கு நிறத்தில் ஒன்று. எல்லாவற்றுக்கும் முழங்கை வரை கை வைத்த ரவிக்கை. பழைய புகைப்படங்களில் பெண்கள் போட்டிருப்பார்களே, அந்த மாதிரி. வீட்டிலும் அதுதான், கல்யாண வீட்டுக்கும் அதுதான்.

அவரிடம் சிஷ்யையாக இருந்த மரகதத்துக்கும் ஏறக்குறைய அதே வயது. ஜவுளிக் கடையில் வேலை பார்த்தவள். அவள் வீட்டு பீரோவின் கதவு மூடாது. ஆனாலும் எதை உடுத்துவது என்று தினமும் குழம்பி நிற்பாள். கோமளத்தம்மாளைப் பார்த்த பிறகு, தேடித் தேடி அதே மாதிரி நான்கு சேலைகள் வாங்கினாள். அதே மாதிரி ரவிக்கைகள் தைத்துக்கொண்டாள். மற்றதையெல்லாம் ஒவ்வொன்றாகக் கொடுத்துவிட்டாள். மிச்சம் கூறைப்புடவை மட்டும். அதை வாங்கிப்போக நாத்தனார் மகள் வெள்ளிக்கிழமை வருவதாக இருந்தது.

வியாழக்கிழமை காலை, மரகதம் குருவின் துணிகளைத் துவைத்தாள். ஒரு ரவிக்கையின் ஓரத்தில் சோப்புப் பட்ட இடம் சிவந்தது. முகர்ந்து பார்த்தாள். மஞ்சள்.

புதுத் துணிக்குத்தானே மஞ்சள் வைப்பார்கள்?

உள்பக்கத்தைத் திருப்பினாள். தையல் நூல் பளபளவென்று இருந்தது.

அதன் பிறகு அவளுக்கு வேலை ஓடவில்லை. யார் புதுத் துணி கொண்டுவந்து கொடுக்கிறார்கள் என்று, குருவைப் பார்க்க வந்தவர்களின் பைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு அம்மாள் அக்குளில் பொட்டலம் ஒன்றை இடுக்கிக்கொண்டு வந்தாள். மரகதம் பின்னாலேயே போய் எட்டிப் பார்த்தாள். உள்ளே முருங்கைக்கீரை.

மாலையில் கேட்டே விட்டாள்.

"அம்மா, இந்த ரவிக்கை புதுசா?"

"புதுசுதான்."

"யார் கொடுத்தா?"

"நானே தைச்சேன். பழசு கிழிஞ்சு போச்சு."

"வருஷக்கணக்கா அதே துணியைத்தான் போடுறீங்கன்னு ஊரே சொல்லுதே."

"ஊர் சொல்லுது. நான் சொன்னேனா?"

மரகதத்தின் முகம் சுருங்கியது. "உங்களைப் பார்த்துத்தான் எல்லாத்தையும் கொடுத்தேன். நாளைக்குக் கூறைப்புடவையும் போகப்போகுது. நீங்க என்னடான்னா, உள்ளே உட்கார்ந்து புதுசு தைச்சுக்கிறீங்க."

"உனக்குச் சந்தேகம் வந்துட்டுது. எனக்கும் ஒரு சந்தேகம் இருக்கு, கேட்கட்டுமா?"

"கேளுங்க."

"ஆடி மாசத்துல கொடியில காய்ஞ்ச என் ரவிக்கை ஒண்ணைக் காணோம். ஒரு வாரம் கழிச்சு அதே கொடியில தொங்குது. குரங்கு எடுத்திருந்தா மடிச்சு வச்ச தடம் இருக்காதே."

மரகதம் தரையைப் பார்த்தாள். "நான்தான் எடுத்தேன். தையல்காரர் அளவு ரவிக்கை கேட்டார். உங்களோடது மாதிரியே வரணும்னு அதைக் கொடுத்துட்டேன்."

"அதனாலதான் அன்னையிலேருந்து கையைத் தூக்காமலே கும்பிடுறியா?"

மரகதத்தின் அக்குள் இரண்டும் ரவிக்கை இறுக்கித் தடித்துப் போயிருந்தன. விரதம் மாதிரி பொறுத்துக்கொண்டிருந்தாள்.

"கழற்றிக் கொண்டு வா."

மரகதம் உள்ளே போய், ஒரு போர்வையைச் சுற்றிக்கொண்டு ரவிக்கையோடு வந்தாள். கோமளத்தம்மாள் பிளேடால் பக்கத் தையலைப் பிரித்தார். தையல்காரர் உள்ளே ஒரு விரல் அகலத்துக்குத் துணி விட்டிருந்தார். அதை வெளியே எடுத்து, ஓரமாக மறுபடி தைத்தார்.

"போட்டுப் பாரு."

மரகதம் போட்டுக்கொண்டு வந்தாள். கையைத் தூக்கினாள். மேலே பரண்வரை எட்டியது.

"இறுக்கலை."

"நல்லது."

"நீங்க எந்த ரவிக்கையை அளவு வச்சுத் தைக்கிறீங்கம்மா?"

"எதையும் வைக்கிறதில்லை. ஒவ்வொரு தடவையும் புதுசா உடம்பை அளந்துக்குவேன்."

மரகதம் கையை இறக்கினாள். பிறகு கேட்டாள்.

"அப்போ நாளைக்குக் கூறைப்புடவையைக் கொடுக்கட்டுமா, வேண்டாமா?"

கோமளத்தம்மாள் ஊசியை நூல்கண்டில் குத்தி வைத்தார்.

"அதுக்கும் என் ரவிக்கையைத்தான் அளவுக்கு எடுத்துக்கிட்டுப் போவியா?"