தாவ்கூ மாவட்டம் வரலாறு அனுப்பிய கதை

சீன தேசத்தின் ஒரு மூலையில், வேலை இருந்தால்கூட யாரும் போகாத ஓர் இடத்தில், தாவ்கூ என்றொரு மாவட்டம் இருந்தது. மூன்று மலை, இரண்டு ஆறு, பதினோரு கிராமம், ஒரு அரசாங்கக் கச்சேரி, அவ்வளவுதான். அங்கே புத்திசாலியே கிடையாது என்று சொன்னால் பாவம். ஒருத்தர் இருந்தார். அவர் எப்போதோ பக்கத்து மாவட்டத்துக்குக் குடி போய்விட்டார்.

கச்சேரியில் எழுத்தர் வேலை பார்த்தவர் பெயர் சுவாங். மாவட்டத்திலேயே எழுதப் படிக்கத் தெரிந்தவர் அவர் ஒருத்தர்தான். அதனால் அவர் எழுதுவது சரியா தப்பா என்று கேட்க ஆளில்லை. நிம்மதியான உத்தியோகம். அவருக்கு இருந்த ஒரே தலைவலி மச்சான் வெய், அதாவது மனைவியின் அண்ணன். அவன் பக்கத்து லாங்ஷூ மாவட்டத்தில் எழுத்தர். ஒவ்வொரு புத்தாண்டு விருந்துக்கும் வந்துவிடுவான். வாய் நிறையக் கொழுக்கட்டையை அடைத்துக்கொண்டு, "என்ன மாப்ளே, உங்க ஊர்ல சூரியன் இன்னும் கிழக்கேதான் உதிக்குதா, இல்ல மாத்திட்டீங்களா?" என்று கேட்டுவிட்டுக் குலுங்கக் குலுங்கச் சிரிப்பான்.

சுவாங் நன்றாக யோசித்துவிட்டு, "போன வாரம் வரைக்கும் கிழக்கேதான் மச்சான்," என்பார்.

இப்படி இருக்கையில் ஒருநாள் தலைநகரத்திலிருந்து குதிரையில் ஒரு உத்தரவு வந்தது. மாவட்ட அதிகாரியோ பல்வலிக்கு வைத்தியம் பார்க்கப் போய் இரண்டு வருஷமாகத் திரும்பவில்லை. அதனால் சுவாங்கே பிரித்துப் படித்தார். "உங்கள் மாவட்டத்தின் எல்லையைக் குறித்து, மலையை அளந்து, வரலாற்றையும் சேர்த்து அறுபது நாளுக்குள் அனுப்பவும். அனுப்பாத மாவட்டம் கலைக்கப்பட்டு, பக்கத்து மாவட்டத்தோடு சேர்க்கப்படும்."

சுவாங் கணக்குப் போட்டுப் பார்த்தார். பக்கத்து மாவட்டம் என்றால் லாங்ஷூ. லாங்ஷூ என்றால் வெய். இனி தினம் காலையில் எழுந்து போய் மச்சானுக்கு மை அரைத்துக் கொடுக்க வேண்டும்!

உடனே கச்சேரி ஆட்களைக் கூட்டினார். முரசு அடிக்கிற மெங் வந்தான், ஆள் மலை மாதிரி. சமையல்காரி லான் அக்கா கரண்டியோடு வந்தாள். வாசல் காவல் கிழவர் ஹோவும் வந்தார். கதவிலேயே சாய்ந்து தூங்குகிறவர் அவர். அதனால் அந்தக் கதவைத் திருடர்களாலும் திறக்க முடியாது, மற்றவர்களாலும் திறக்க முடியாது.

முதலில் எல்லை. நாலு பேரும் கிழக்கே நடந்தார்கள். மாவட்டம் முடிகிற இடத்தில் ஒரு எருமை படுத்திருந்தது. சுவாங், "கிழக்கு எல்லை: எருமை" என்று எழுதிக்கொண்டார். கொஞ்ச தூரம் வந்து திரும்பிப் பார்த்தால், எருமை எழுந்து இன்னும் கிழக்கே மேய்ந்துகொண்டிருக்கிறது.

"மாவட்டம் பெருசாயிடுச்சு!" என்று குதித்தான் மெங்.

"சாயங்காலம் அது வீட்டுக்கு வருமேடா. அப்ப சுருங்கிடுமே," என்றாள் லான் அக்கா.

ஓடிப்போய் எருமையை அங்கேயே முளையடித்துக் கட்டினார்கள். அன்றிலிருந்து மாவட்டத்தின் கிழக்கு எல்லைக்கு வேளாவேளைக்குப் புல்லும் தண்ணீரும் கொண்டுபோகும் பொறுப்பு லான் அக்காவுடையது.

அடுத்தது மலை. "அளந்து" என்று போட்டிருந்ததால் மெங் போய் அரிசி அளக்கிற மரக்காலை எடுத்து வந்தான். அடிவாரத்தில் உட்கார்ந்து மண்ணை வாரி அளக்க ஆரம்பித்தார்கள். அளக்க அளக்க சண்டையும் வளர்ந்தது.

"தலை தட்டி அள. அரசாங்கச் சமாசாரம்," என்றார் ஹோ.

"நம்ம மலைதானே கிழவரே, கும்பமா அளந்தா என்ன குறைஞ்சுடும்?"

"மலை குறைஞ்சுடும்."

மெங் அதன்பிறகு தலை தட்டியே அளந்தான். எட்டு நாளில் இருநூற்றுப் பன்னிரண்டு மரக்கால். மலை அப்படியே இருந்தது. ஆனால் அளந்து கொட்டிய மண் பக்கத்தில் புதுசாகக் குவிந்து நின்றது. சுவாங் கண்ணைக் கசக்கிக்கொண்டு எண்ணினார். மூன்று மலை நாலாகியிருந்தது. மகிழ்ச்சியோடு, "மலை நாலு. அதில் ஒன்று மிக இளம் வயது" என்று எழுதி முடித்தார்.

மிச்சம் இருந்தது வரலாறு. அந்தத் தேசத்துப் பாஷையில் அந்தச் சொல் எப்படி ஒலித்ததோ தெரியாது. நம் பாஷையில் சொன்னால் குழப்பம் இப்படி வந்தது.

"வரல ஆறா?" என்றான் மெங். "நமக்கு இருக்கிறது ரெண்டு ஆறு. ரெண்டும் ஒழுங்கா வருதே!"

"வர்ற ஆத்தை எவன் கேட்டான்? வரல ஆத்தைத்தான் அனுப்பச் சொல்லியிருக்கு. நல்லாப் படிச்சுப் பாருங்க எழுத்தரே," என்றாள் லான் அக்கா.

சுவாங் இன்னொரு தரம் படித்தார். வரலாற்றை என்றுதான் இருந்தது. முகம் செத்துவிட்டது. "வராத ஆத்துக்கு நான் எங்க போவேன்? நம்ம மாவட்டத்துல அந்த வசதி இல்லையே!"

அப்போது கிழவர் ஹோ தொண்டையைச் செருமினார். "வடக்கே முள்ளுக்காட்டுப் பக்கம் ஒரு ஓடை கிடக்குதில்ல? வெறும் கல்லும் மணலும். எங்க தாத்தாவோட தாத்தா காலத்துலயே அது வரலைன்னு சொல்வாங்க."

சுவாங் எழுந்து கிழவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். மாவட்டத்துக்கு வரலாறு இருக்கிறது!

"சரி, அதை எப்படித் தலைநகரத்துக்கு அனுப்புறது?" என்றான் மெங்.

"வர்ற ஆறா இருந்தா நூறு வண்டி வேணும். இது வராத ஆறுதானே, ஒரு ஜாடி போதும்," என்றாள் லான் அக்கா.

நல்ல ஜாடியாகப் பார்த்து எடுத்துக்கொண்டு ஓடைக்குப் போனார்கள். நடு ஓடையில் ஜாடியைச் சாய்த்து வைத்துக் காத்திருந்தார்கள். ஒரு சொட்டு வரவில்லை. ஆக, ஜாடி நிறைய 'வரவில்லை' இருந்தது. அது சிந்தாமல் மூடி, மெழுகு வைத்து, சுவாங் முத்திரை குத்தினார். மெங் அதை இடுப்பில் தூக்கிக்கொண்டு, தளும்பிவிடுமோ என்று அடிமேல் அடி வைத்து நடந்தான்.

அந்த வழியாக வெய் கோவேறு கழுதை வண்டியில் வந்தான். வண்டியில் பட்டுத்துணி சுற்றிய பெரிய பெரிய கட்டுகள்.

"தலைநகரத்துக்கா மச்சான்? வரலாறு எவ்வளவு இருக்கு உங்ககிட்ட?" என்று கேட்டார் சுவாங்.

"வண்டி நிறைய இருக்கு மாப்ளே! உன்கிட்ட?"

"ஒரு ஜாடி."

வெய் சிரித்த சிரிப்பில் கழுதை மிரண்டது. "மை அரைக்கப் பழகிக்கோ!" என்று கத்திக்கொண்டே போனான்.

சுவாங்குக்குக் கோபம் வரவில்லை, பரிதாபம்தான் வந்தது. "வண்டி நிறைய வராத ஆறாமே! குடிக்கத் தண்ணிக்கு அந்த ஜனங்க என்ன பண்ணுதோ!"

எல்லைக் குறிப்பும் மலைக் குறிப்பும் ஜாடியும் தலைநகரத்துக்குப் போய், ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது. சுவாங் பிரித்தார். "எல்லையும் மலையும் கிடைத்தன. வரலாறு வரவில்லை."

"என்ன எழுதியிருக்கு?" என்றாள் லான் அக்கா.

"வரல ஆறு வரலையாம்!"

"அப்ப சரியாத்தான் போய்ச் சேர்ந்திருக்கு!" என்று மெங் முரசை எடுத்து, தோல் கிழியும்வரை அடித்தான். லான் அக்கா எல்லாருக்கும் நூடுல்ஸ் போட்டாள். சாப்பிட்டுக் கை துடைக்கும்போதுதான் கடிதத்தின் பின்பக்கம் சுவாங் கண்ணில் பட்டது. "நேரில் பார்க்க ஆய்வாளர் வருகிறார்."

ஆய்வாளர் பல்லக்கில் வந்தார். களைத்துப்போன மனுஷர். முப்பத்தோரு மாவட்டம் சுற்றிவிட்டு வருகிறவர். இறங்கியதும், "உங்கள் மாவட்டத்தின் வரலாறு எங்கே?" என்றார்.

"வாங்க ஐயா, கண்ணாலயே பார்த்துடுங்க," என்று ஓடைக்குக் கூட்டிப்போனார் சுவாங். இந்த ஆளுக்குப் பிடிக்கவில்லை என்றால் நாளைக்கே மச்சானுக்கு மை.

ஆய்வாளர் கல்லையும் மணலையும் பார்த்தார். "இங்கேதான் எல்லாம் நடந்ததா? போரா?"

"இல்லீங்க."

"கலகம்? பஞ்சம்? வெள்ளம்?"

"வெள்ளமா!" கிழவர் ஹோவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "எங்க தாத்தாவோட தாத்தா காலத்துல இருந்து வரவே இல்லீங்க. வேணும்னா யாரையாச்சும் கேளுங்க!"

"அப்படியென்றால் என்னதான் வந்தது?"

"எதுவுமே வரலீங்க ஐயா. அதான் இதோட விசேஷமே," என்றார் சுவாங் பணிவாக.

ஆய்வாளர் ஓடையை இன்னொரு தரம் பார்த்தார். அவர் கண் கலங்கிவிட்டது. "முப்பத்தோரு மாவட்டம் பார்த்தேன். எங்கே பார்த்தாலும் வெட்டு, குத்து, தீ. லாங்ஷூவில் மட்டும் மூன்று கலகம், பக்கம் பக்கமாக எழுதிக் கொடுத்திருக்கிறான், வெட்கமில்லாமல். இந்த ஒரு மாவட்டத்தில்தான் எதுவுமே நடக்கவில்லை. இதுவல்லவா ஆட்சி!"

அடுத்த மாதமே உத்தரவு வந்தது. கலகக்கார லாங்ஷூவைக் கலைத்து, அமைதியான தாவ்கூவோடு சேர்த்தாயிற்று. எழுத்தர் வெய் இனி எழுத்தர் சுவாங்குக்குக் கீழே.

வெய் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்து நின்றான். "எனக்கு என்ன வேலை மாப்ளே? மை அரைக்கணுமா?"

சுவாங் நல்ல மனுஷர். "சேச்சே, அதுக்கு மெங் இருக்கான். படிச்சவர் நீங்க. வரல ஆத்தை உங்க பொறுப்புல விடுறேன். அது வராம பார்த்துக்கங்க, அது போதும்."

"வந்துட்டா?"

"நாலு நல்ல வார்த்தை சொல்லித் திருப்பி அனுப்பிடுங்க."

வெய் ஒரு குச்சியோடு ஓடைக் கரையில் போய் உட்கார்ந்தான். முதல் வாரம் தனக்குள்ளேயே சிரித்தான். இரண்டாவது வாரம் சிரிக்கவில்லை. மூன்றாவது வாரம் மேகம் கறுத்தால் எழுந்து நின்றான். நாலாவது வாரம் மலைமேல் அடைமழை கொட்டியது. ஒரு கால் செருப்பு இல்லாமல், கழுத்துவரை சேறோடு கச்சேரிக்கு ஓடி வந்து விழுந்தான். "மாப்ளே! ஆறு வந்துடுச்சு! எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன், கேட்கல! போச்சு, நம்ம மாவட்டமே போச்சு!"

எல்லாரும் கரைக்கு ஓடினார்கள். ஓடையில் செந்நீர் இரு கரையும் தொட்டு ஓடியது. சுவாங் இடிந்துபோய் உட்கார்ந்துவிட்டார். கிழவர் ஹோ மட்டும் கையை நெற்றியில் வைத்துத் தண்ணீரை மேலும் கீழும் நிதானமாகப் பார்த்தார்.

"இது நம்ம ஆறு இல்ல," என்றார்.

"எப்படிச் சொல்றீங்க?"

"நம்ம ஆறு வராது. இது வந்திருக்கு. அப்ப இது வேற யார் வீட்டு ஆறோ."

எல்லாருக்கும் மூச்சு திரும்பி வந்தது. "பாவம், இருட்டுல இடம் தெரியாம நுழைஞ்சிருக்கும்," என்றாள் லான் அக்கா.

சுவாங் அங்கேயே ஏட்டை விரித்து எழுதினார்: "இன்று வெளியூர் ஆறு ஒன்று இந்தப் பக்கமாகப் போயிற்று. நம்முடைய ஆறு வழக்கம்போல் வரவில்லை."

வெய் அதை வாங்கி இரண்டு தரம் படித்தான். முகத்தில் வழிந்த சேற்றைத் துடைத்துக்கொண்டான்.

"நல்லவேளை மாப்ளே," என்றான். "நான் பயந்தே போயிட்டேன்."